உதடு பார்த்த அரை செகண்ட்

"ஜோடி பார்த்தாச்சு. ஞாயிறு, மாலை நாலேகால்."

என் மேசையிலுள்ள ஒரு டிவிடி உறைமேல் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது. கிழமையும் நேரமும் உண்டு. தேதியும் ஆண்டும் இல்லை. எழுதியவரைக் கேட்டேன். "டைம் கரெக்டா இருக்குதில்ல சார், அது போதும்" என்றார்.

ஆம்பூரில் எல்லோரும் படம் பார்ப்பார்கள். உதடு பார்ப்பவர் இவர் ஒருவர்தான். தெருவில் இவர் பெயர் அரை செகண்ட். சொந்தப் பெயர் ஷூ கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. அங்கே தயாரான ஷூக்களை ஜோடி பார்ப்பது இவர் வேலை. இடது காலின் தையல் வலது காலைவிட ஒரு நூல் ஏறியிருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். ஞாயிறுகளில் அதே கண்ணோடு தெருக்காரர்களின் வீட்டு டிவிடிகளைக் கணினியில் போட்டுத் திருத்துவார். உதடு இடது கால், கீழே ஓடும் எழுத்து வலது கால், அரை செகண்ட் பிந்தினாலும் ஜோடி சேராது என்பது அவர் கொள்கை.

என் டிவிடி ஒன்றில் பழுதான இடத்தைக் காட்ட, தொழில் பழக்கத்தில், தட்டின் பளபளக்கும் பக்கத்திலேயே சிவப்பு அம்பை ஒட்டிக் கொண்டுவந்தார். பிளேயர் அதை விழுங்கிவிட்டு உறுமியது. "மிஷின் சரியில்ல சார்" என்று பிளேயர்மேலும் ஓர் அம்பு ஒட்டிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு, தோல் தொழிற்சாலையில் தோலைப் போட்டு உருட்டும் பெரிய டிரம் ஓடும் இடத்திலேயே வேலை செய்து காது போய்விட்டது. அதனால் மகளின் கல்யாண டிவிடியில் பேச்செல்லாம் எழுத்தாக வரும்படி ஸ்டுடியோவில் சொல்லியிருந்தார்கள். வந்தது. மெனுவில் 'ஆலயம்' என்பதை அழுத்தினால் பந்தி ஓடியது. எழுத்து மிகவும் பிந்தியது. மாப்பிள்ளையின் உறுதிமொழி பிரியாணி மாஸ்டருக்குப் போய்விட்டது. அவர் அண்டாவைப் பார்த்து, 'சாகும்வரை உன்னைக் கைவிடமாட்டேன்' என்றார்.

மூன்று ஞாயிறுகளில் அரை செகண்ட் எல்லாவற்றையும் சரிசெய்தார், ஓரிடம் தவிர. காரில் ஏறுமுன் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்கிறாள். பேண்டு சத்தத்தில் ஒன்றும் பதிவாகவில்லை. ஸ்டுடியோக்காரர் அங்கே எழுத்தே போடவில்லை. அக்காவுக்கு வேண்டியிருந்ததோ அந்த ஓரிடம்தான். மகளுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார். 'அழுதது மட்டும்தாம்மா ஞாபகம் இருக்கு' என்று பதில் வந்தது.

"'போய்ட்டு வர்றேம்மா'ன்னு போட்டுடுப்பா. வேற இன்னா சொல்லியிருக்கப் போவுது?" என்றேன்.

"அதுக்கு ஒதடு ரெண்டு வாட்டி ஒட்டணும் சார். இந்தப் பொண்ணுக்கு ஒரு வாட்டிதான் ஒட்டுது. அதுவும் மொதல்லயே. அப்புறம் ஜாஸ்தி பேசுது, உங்க டயலாக் கம்மி."

"அக்கா காத்துக்கினு இருக்காங்கப்பா."

"அதுக்காக சைஸ் மாத்தி அனுப்ப முடியுமா? பேஜார் பண்ணாதீங்க சார்."

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் தட்டைப் போட்டார். நானும் இருந்தேன். கார் வந்தது. மகள் கட்டிக்கொண்டாள். கீழே எழுத்து: 'பீரோ சாவி தலகாணிக்கு அடியில இருக்குது, தேடாத.'

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதான் எம் பொண்ணு! அழுவுறப்பகூட சாவியப் பத்திதான் பேசும்!" அன்று அந்த இடத்தை ஒன்பது முறை பார்த்தார், எண்ணினேன். அரை செகண்ட் ஒருமுறைகூட டிவியைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "உதட்டப் படிச்சியா, நீயா எழுதினியா?"

"டீ குடிக்கலாம் வாங்க சார்" என்று முன்னால் நடந்துவிட்டார்.

அந்தப் பெண் உண்மையில் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அவள் ஊருக்கு வந்திருந்தபோது அந்தத் தட்டைப் போட்டுக்காட்டிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.