சராசரியா நல்லாயிருக்குங்க

உலகத்தில் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, கணக்குக் கேட்கிறவர்கள் உண்டு. இந்த இருவருக்கும் நடுவே நின்று, போட்ட கணக்கை ஒரே வரியில் சுருக்கிச் சொல்லி எல்லாருடைய வயிற்றிலும் பால் வார்க்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதற்குச் சராசரிக்காரர் என்று பெயர். கோயமுத்தூர்ப் பக்கம் இந்த இனம் செழித்து வளர்கிறது. காரணம் சிறுவாணித் தண்ணீர் அல்ல, மரியாதை. எதிரில் நிற்பவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை சொல்ல நம் ஊர் நாக்குக்கு வராது. சராசரிக்காரருக்கோ அப்படி முகம் வாடவைக்கும் எண்கூட வராது.

சிங்காநல்லூர் கிருபாசங்கரைப் பாருங்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை; மிச்ச நேரமெல்லாம் பொதுத்தொண்டு. அனுப்புகிறவர் யாரென்று எவருக்கும் தெரியாதபடி, ஒரு செய்தியை மூன்று கணினிகள் வழியாகக் கைமாற்றிக் கரைசேர்க்கும் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. அதற்காகத் தங்கள் கணினியைத் திறந்து வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு. (பெயர் தெரியாமல் உதவும் இந்தக் குழு, அவரவர் பெயரோடும் குடும்பப் படத்தோடும் வாட்ஸ்அப்பில் இயங்கியது, அதை நாம் கிளற வேண்டாம்.) ஒவ்வொரு கணினியும் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று ஒரு நிரல் தினமும் அளக்கும். அளந்ததைச் சுருக்கிச் சொல்வது நம்மவர் பொறுப்பு. காலைக் காப்பி ஆறுவதற்குள் செய்தி வந்துவிடும்: சராசரி வேகம் நல்லாயிருக்குங்க. உடனே வரிசையாகக் கைகூப்புகள்.

ஒருநாள், உக்கடத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இல்யாஸின் கணினி அளக்கும்போதே நின்றுபோனது. அவரே கூச்சத்தோடு சொல்லிவிட்டார். கிருபாசங்கர் பதறிப்போனார். நின்றதைப் பூஜ்யம் என்று போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? மனிதர் மனசு நோகாதா? ஆகவே அந்த அளவையே நாசூக்காக எடுத்துவிட்டார். அன்றைக்குச் சராசரி ஏறியது. ஏறாதா பின்னே? எப்போதும் நொண்டிக்கொண்டிருந்த கணினி அல்லவா கழன்றுகொண்டது. அடுத்து பல்லடத்தில் ஒன்று படுத்தது. சராசரி இன்னும் ஏறியது. பொள்ளாச்சியும் கோபியும் படுத்தன, கைகூப்புகள் இரட்டிப்பாயின. இப்படியே போய் ஒரே ஒரு கணினி மிஞ்சியிருந்தால், உலகத்திலேயே அதிவேக வலையமைப்பு நம்முடையதாகத்தான் இருந்திருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் லோகப்பிரியா வந்தார். பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் அலுவலகத்தில் வேலை. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஓடையில் திறந்துவிடுவதைக் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அதிகாரிகள் மறுநாள் ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்குள் வீடியோ அவர்களுக்குப் போயாக வேண்டும். அனுப்பியது யாரென்று தெரிந்தால் வேலை போய்விடும். வீடே அவர் சம்பளத்தில்தான் நடக்கிறது. இந்த வழியில் அனுப்பினால் நம்பகமாகப் போய்ச் சேருமா என்று கிருபாசங்கரிடம் கேட்டார்.

"இதுவரைக்கும் இல்லாத அளவுக்குச் சராசரி நல்லாயிருக்குங்க அம்மணி. தைரியமா அனுப்புங்க."

அனுப்பினார். பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினார், மறுபடி நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? மூன்று கணினிகளில் ஒன்று செத்தாலும் வழி அறுந்துவிடும். குழுவிலோ பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன, எல்லாம் சராசரிக்கு வெளியே, மரியாதையாக. பொழுது சாயும்வரை போராடிவிட்டு, வேறு வழியில்லாமல் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்பிவிட்டார். வீடியோ ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. பெயரும் கூடவே போனது. அந்த வாரமே வேலையும் போனது.

பிறகு ஒருநாள் லோகப்பிரியா கிருபாசங்கர் வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்ணா, அந்தச் சராசரியில நான் எங்கீங்ணா இருக்கறேன்?"

கிருபாசங்கர் உண்மையிலேயே வருந்தினார். எனக்கு ஆத்திரமே அதில்தான். ஆள் கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். இவரோ கண் கலங்க, குரல் தழைய, பிசகாத மரியாதையோடு பதில் சொன்னார்.

"உங்களுது பாதியில நின்னுபோச்சுங்களே அம்மணி. முடிஞ்சதைத்தானுங்க சராசரியில சேர்ப்போம்."

மறுநாள் காலையும் செய்தி வந்தது. வேகம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

நல்லவேளை, நமக்கு இந்தக் கணினி வம்பெல்லாம் இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். புரட்டுங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. போன வாரம் உங்கள் அண்ணன் போனில் கூப்பிட்டு, ஊட்ல எல்லாரும் எப்படி இருக்கறாங்க என்று கேட்டார். எல்லாரும் நல்லாயிருக்கறாங்க என்று யோசிக்காமல் சொன்னீர்கள்.

யாரை விட்டுவிட்டு எண்ணினீர்கள்?