நாலு வாட்டும் ஓர் உருளைக்கிழங்கும்

கீவா பள்ளத்தாக்கு,
வியாழக்கிழமை

அன்பு அக்கா லொரெய்னுக்கு,

தம்பி டெஸ் எழுதுவது. இங்கே நான், கோலீன், மகள் பிரைடி, பசுக்கள் எல்லோரும் சௌக்கியம். வாங்கரட்டாவில் நீயும் உன் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் குறைக்கச் சொன்ன எடையில் மூன்று கிலோ குறைத்துவிட்டேன். இத்தனைக்கும் பேக்கரிப் பக்கம் போவதை நான் நிறுத்தவே இல்லை. பசுக்களின் பின்னால் நடக்கிற நடைதான் காரணம் என்று நினைக்கிறேன். கோலீன் நம்ப மாட்டேன் என்கிறாள். நான் பொய் சொல்லலாம், எடை மெஷினா பொய் சொல்லும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். எட்டு வயதில் பிரைடிக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது யார்? அந்தப் பெண் இப்போது டவோங்கா கணவாய் ஏறும் பெண்கள் பந்தயத்துக்குத் தயாராகிறாள். பயிற்சியாளர் ஜனீன் அவளுக்கு ஓர் இலக்கு வைத்திருக்கிறாள்: கிலோவுக்கு நாலு வாட். பெடலை மிதிக்கிற பலத்தை வாட்டில் அளந்து, உடம்பு எடையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரைடிக்கு மூன்று புள்ளி ஏழு வந்தது. நாலு வந்தால்தான் அணியில் இடம். ஒன்று, மேலே இருக்கிற எண்ணைக் கூட்டலாம். இல்லை, கீழே இருப்பதைக் குறைக்கலாம். கூட்டுவதற்கு மாதக்கணக்கில் மலை ஏற வேண்டும். குறைப்பதற்கு வாயை மூடினால் போதும். உன் மருமகள் வாயை மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் ரோஸ்ட். கொழுப்பில் மொறுமொறுவென்று வெந்த உருளைக்கிழங்கு ஒன்றை அவள் தட்டில் வைத்தேன். அதை அப்படியே என் தட்டுக்குத் தள்ளினாள். "எனக்கு நாலு பீன்ஸ் போதும்ப்பா" என்றாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே! "பால் வத்தப் போற மாட்டுக்குத்தாம்மா பால்ல கொழுப்பு சதவீதம் ஏறும். சதவீதத்தைப் பாத்து சந்தோஷப்பட்டுட்டு கேனைத் திறந்தா, உள்ள பாலே இருக்காது" என்றேன். "அப்போ நான் வத்திப்போன மாடாப்பா?" என்று எழுந்தாள். "பெத்த பொண்ணைப் போயி மாட்டோட சேக்குறீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று கோலீன் பாய்ந்தாள். "நம்ம கொட்டில்லயே நல்ல மாடா மனசுல வச்சுத்தான் சொன்னேன்" என்று நான் சமாதானம் சொன்னதில் இருவருமே சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்கள்.

சரி, எடைதானே குறைய வேண்டும், அதை சைக்கிளில் குறைத்துவிட்டால் பெண் சாப்பிடுவாள் என்று யோசித்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் மணியைக் கழற்றினேன், பின்விளக்கைக் கழற்றினேன், சீட்டுக்கு அடியில் இரண்டு திருகாணி இருந்தது, ஒன்று போதாதா என்று ஒன்றை உருவிவிட்டேன். போதாது என்பது பால் கொட்டிலைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. சீட் ஒரு பக்கம், பிரைடி ஒரு பக்கம். நல்லவேளை, விழுந்த இடத்தில் சாணம் இருந்ததால் அடி படவில்லை. சாணத்தோடு எழுந்து வந்து, "சைக்கிள் எடை இந்தக் கணக்குலயே வராதுப்பா!" என்று கத்தினாள்.

அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் கணவாய் ஏறித் திரும்பியவள், நம் கேட்டைத் திறக்கத் தெம்பில்லாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. "சும்மா காத்து வாங்குறேன்ப்பா" என்றாள். தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன். கைக்குக் கனமே தெரியவில்லை. அக்கா, எனக்கு இருப்பது ஒரே பெண். பயந்துபோய்விட்டேன்.

நம் குளியலறையில் அம்மா காலத்து முள் வைத்த எடை மெஷின் இருக்கிறதே, அதன் அடியில் முள்ளைச் சரிசெய்ய ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அவள் பயிற்சிக்குப் போனதும் அதைத் திருகி ஒரு கிலோ பின்னால் தள்ளினேன். அடுத்த வாரம் இன்னொரு கிலோ, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. "அப்பா, குறையுதுப்பா!" என்று ஓடி வந்தாள். "அப்போ ஒரு உருளைக்கிழங்கு சாப்பிடலாமே" என்றேன். சாப்பிட்டாள்! பிறகு இரண்டு சாப்பிட்டாள். கன்னத்தில் நிறம் திரும்பியது. நேற்று கணக்குப் போட்டு, "நாலு புள்ளி ரெண்டு!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். ஜனீன் அணியில் அவள் பெயரையும் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை பந்தயம். பொய்க் கணக்கை நம்பி என் பெண் மலையேறப் போகிறாள். பாதியில் மூச்சு முட்டி நின்றால் அந்தப் பாவம் எனக்குத்தான். உன் பேச்சை அவள் தட்ட மாட்டாள், நீ போன் செய்து பக்குவமாகச் சொல்லிவிடு. என் பெயரை இழுக்காதே. மெஷின் பழசு, முள் தானாக நகர்ந்திருக்கும் என்று சொல்.

மச்சானுக்கு என் அன்பு. உன் முழங்கால் இன்னும் நூறு மாடிப்படி ஏற ஆசி கூறும்,
உன் தம்பி,
டெஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிரைடி பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். "அத்தைக்கு எதுக்குப்பா சிரமம்? எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். ஜனீன் இவளைத் தன் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாளாம். ஒரு கிலோகூடக் குறையவில்லையாம். "மேல இருக்கறதைக் கூட்டச் சொன்னேன், கீழ கைவைக்க யாருடி சொன்னது?" என்று நல்ல திட்டும் விழுந்ததாம். சாப்பிடச் சாப்பிட மிதியில் பலம் ஏறி, இப்போது நிஜ எடைக்கே சரியாக நாலு வருகிறது. "அப்புறம் ஏம்மா நேத்து நாலு புள்ளி ரெண்டுன்னு குதிச்சே?" என்று கேட்டேன். "நீங்க இவ்வளவு ஆசையா முள்ளைத் திருகி வச்சிருக்கீங்க, அதை வீணாக்க மனசு வரலைப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைப்பதற்குள், "ஆமா, நீங்களும் அதே மெஷின்லதானே ஏறிப் பாக்குறீங்க?" என்றாள். அக்கா, முதல் பத்தியில் அந்த மூன்று கிலோவைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. கோலீன் சிரித்து முடித்துவிட்டு இப்போதுதான் மேஜைக்கு வந்தாள். உருளைக்கிழங்கு முழுவதும் பிரைடி தட்டில். எனக்கு நாலு பீன்ஸ்.