ஒரு ஷாமியானா, நாலு ஆசிரியர்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். டில்லியில் இறங்கியபோது தெரிந்த இந்தி ‘அச்சா’ மட்டும். அதை வைத்தே ஷாமியானா, அதாவது துணிப் பந்தல், வாடகைக் கடை போட்டேன், ஜனக்புரியில் மாடி வீடு கட்டினேன், எழுபதுகளின் கடைசியில் சுயசரிதையும் எழுதினேன். (நான் சொல்லச் சொல்ல, பேனா பிடித்தது என் மனைவி செல்லம்மா. அது வேறு விஷயம்.)

சென்னைப் பதிப்பகங்களின் ஏஜெண்ட் என்று சபேசன் என்பவர் வந்தார். கட்டின கயிற்றையே மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எந்தப் பதிப்பகம், யார் முதலாளி, உங்கள் செருப்பு ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டேன். அசராமல் பதில் சொல்லிவிட்டு, “இவ்வளவு கேள்வி கேட்ட எழுத்தாளரை நான் பார்த்ததே இல்ல சார்” என்றார்.

என்னை எழுத்தாளர் என்று சொன்ன முதல் மனிதர். அச்சுச் செலவுக்கான பணத்தோடு, இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியையும் கொடுத்துவிட்டேன். அப்புறமும் சந்தேகம் அரித்தது. வெளியீட்டு விழா என் ஷாமியானாவில், என் கண்ணெதிரேதான் நடக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். ஆளை மடக்கிவிட்டதாக நினைப்பு.

ஞாயிறு காலை சஃபாரி சூட்டில் மேடையில் நின்றேன். கோல் மார்க்கெட் குமாஸ்தா ஒருவர் மாலையோடு வந்தார். தலையைக் குனிந்தேன். அவர் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நடு நாற்காலியில் அமர்ந்தார்.

“சார், அது புஸ்தகம் எழுதினவர் சீட்டு.”

“தெரியும், அதான் உக்காந்திருக்கேன். நீங்கதானே ஷாமியானாக்காரர்? ஃபேனப் போடுங்க.”

(பொய்யென்று சொல்லவும் முடியவில்லை.)

பின்னாலேயே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரும் பள்ளி டீச்சரம்மா ஒருவரும் வந்து அதே நாற்காலியைக் கேட்டார்கள். மூவரும் சபேசனின் கூட்டாளிகள் என்று நான் முடிவு கட்டினேன். பந்தல் என்னுடையது என்பதால் நான்தான் கூட்டாளி என்று முடிவு கட்டிய சுபேதார் என் காலரைப் பிடித்தார்.

டீச்சரம்மா மெல்லக் கேட்டார்: “இவ்வளவு கேள்வி கேட்ட எழுத்தாளரைப் பார்த்ததே இல்லன்னு உங்ககிட்டயும் சொன்னாரா?”

காலரை விட்டுவிட்டார் சுபேதார். குமாஸ்தா மாலையைக் கழற்றினார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து செல்லம்மா குரல் வந்தது: “அப்ப, கேக்க வந்தவ நான் ஒருத்திதானா?”

இன்றும் நான் வாயைத் திறந்தால் வீட்டில் இதைத்தான் சொல்கிறார்கள்.

சபேசன் வரவில்லை, பிரதியும் போனது. போட்ட டீ வீணாகக்கூடாதென்று அவரவர் புத்தகத்தை வாயாலேயே சொன்னோம். அது மாதாமாதம் தொடர்ந்து, இன்று எழுத்தாளர் சங்கமாக நிற்கிறது. அதன் ஆண்டு மலரில் நிறுவனர்கள் மூவர் என்று அச்சடிக்கிறார்கள். முதல் கூட்டம் யார் பந்தலில் நடந்தது? அடுத்த மலரில் நாலாவதாக என் பெயர் வந்தாக வேண்டும்.

(எழுதியது தான்தான், தன் பெயரையும் போட வேண்டும் என்கிறாள் செல்லம்மா. பார்க்கலாம்.)