தலைவரின் குடை

இந்த முறை எங்கள் பஸ்ஸில் களவாக ஒரு இலைகூட ஏறாது என்று சபதம் எடுத்தேன்.

நான் கண்டாவளையில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பு ஒன்றின் தலைவர், பெயர் யோகநாதன். போன வருடச் சுற்றுலாவில் ஒரு பூந்தோட்டக் காவலாளி எங்கள் பெண்களின் பைகளைக் கொட்டிக் காட்டினான். முப்பத்தொரு பூந்தடிகள் விழுந்தன. கேட்டு வாங்கிய தடி பட்டுப்போகும், களவெடுத்த தடிதான் துளிர்க்கும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் விவசாய விஞ்ஞானம். அதில் பேராசிரியர் என் மனைவி கமலாசனி. அடுத்த மாதம் தலைவர் தெரிவு. இன்னொரு மானக்கேடு வந்தால் எனக்கு யார் கை உயர்த்துவார்?

இந்த வருடம் போனது கிறிஸ்தவ ஆயர்மார் இருநூறு வருடம் வாழ்ந்த பழைய இல்லத்துக்கு. தோட்டத்தில் எட்டு நிறத்தில் செவ்வரத்தைப் பூ. கமலாசனி அதைப் பார்த்த மாதிரி என்னைக் கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை. எங்களை வரவேற்ற பாதரிடம் நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு கொப்பும் முறியாது பாதர். நான் பொறுப்பு."

உள்ளே ஆயர்மாரின் கதிரை, கட்டில், மணிக்கூடு. குடை கொண்டுபோகக்கூடாது என்றார்கள். கமலாசனி கால் நோகுது என்று என் குடையோடு வெளிவிறாந்தையில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கால் நோவு மற்றப் பெண்களுக்கும் தொற்றிவிட்டது. பாதர் சொன்ன சரித்திரத்தை நானும் டிரைவர் சின்னராசாவும்தான் கேட்டோம்.

திரும்பும்போது வாசலில் நின்று இருபத்திரண்டு கைப்பைகளையும் திறந்து பார்த்தேன். சீப்பு, திருநீறு, தலையிடிக் குளிசை. கமலாசனியின் பையை இரண்டு தரம் பார்த்தேன். பாதர் என் கையைப் பிடித்து, இப்படி ஒரு தலைவரைக் கண்டதில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை தூறியது. கமலாசனி திருப்பித் தந்த குடையை விரிக்கப் போனேன்.

"நனைஞ்சால் கரைஞ்சு போவியளோ? மடிச்சபடி பிடியுங்கோ," என்றாள் கமலாசனி.

பெண்கள் எல்லோரும் நனைந்தபடி என் பின்னால் வந்தார்கள். எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். குடை கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது. எனக்கு வயது போகிறது என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கமலாசனி கிணற்றடியில் குடையை விரித்தாள். ஈரக் கடதாசி சுற்றிய இருபத்திரண்டு தடிகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டியிருந்தது.

"பாதருக்கு நான் வாக்குக் குடுத்தனான், கமலா."

"ஓம். அதாலைதான் உங்கட குடையை ஒருத்தரும் பாக்கேல்லை."

அதற்குள் வாசல் படலையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னுக்கு நின்ற பக்கத்து வீட்டு ராஜினி தன் தடியை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த வருசமும் நீங்கள்தான் தலைவர், அண்ணை. நாங்கள் எல்லாரும் கதைச்சிட்டம். குடையை மட்டும் கொஞ்சம் பெரிசா வாங்குங்கோ."