'உம் பேரு இன்னா' சிஸ்டர்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மறதிக்கு முதல் பரிசு என்று ஒன்று வைத்தால், அதை அந்த நர்ஸம்மாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் நாலு நாள் உறுதியாக நம்பினேன். காலையில் என் பேரைக் கேட்பார். மத்தியானம் கேட்பார். சாயங்காலம் முகத்துக்கு நேரே நின்று, முன்பின் பார்த்திராதவர் மாதிரி மறுபடியும் கேட்பார். வார்டு முழுக்க அவருக்கு 'உம் பேரு இன்னா சிஸ்டர்' என்றுதான் பேர். அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை கௌரவமானதல்ல. கடப்பாக்கம் பக்கம் இடிந்த கோட்டைச் சுவரில் ஏறி நாற்பத்தாறு வயதில் செல்ஃபி எடுத்தேன். சறுக்கியதில் காலில் ஒரு கீறல். ஒரு வாரம் மஞ்சள் பூசி வைத்தியம் பார்த்த பெருமையில் கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு கட்டில் போட்ட வார்டு. நான் நாலாம் நம்பர். கை நரம்பில் ஊசிக் குழாயைச் செருகி, தினம் மூன்று வேளை மருந்து. எனக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை போட்டு மூச்சு நின்று, வீட்டில் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்களாம். அதையும் ஃபைலில் எழுதிக்கொண்டார்கள்.

சிஸ்டர் மருந்து கலக்கும் அழகைப் பார்க்க டிக்கெட் போடலாம். மருந்து அறை வாசலில் ஒரு சிவப்பு நாற்காலியைக் குறுக்கே போடுவார். அது இருக்கும்வரை யாரும் பேசக்கூடாது. ஒருமுறை டாக்டரே வந்து, "சிஸ்டர், அந்த மூணாம் நம்பர்..." என்று ஆரம்பித்தார். மனிதர் நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஸ்கூல் பையன் மாதிரி நின்றார். சிஸ்டர் மருந்துப் புட்டியைக் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முடித்துவிட்டுத்தான், "இன்னா சார்?" என்றார்.

ஊசியில் மருந்தை ஏற்றியதும் பேரும் மருந்தும் நேரமும் எழுதி ஒட்டுவார். ஒட்டாத ஊசி ஒன்று தட்டில் கிடந்தால் குப்பைக்குத்தான்.

"சிஸ்டர், அது இப்பதான நீங்களே ரொப்பினீங்க!" என்று பதறினாள் கூட இருந்த பயிற்சி நர்ஸ்.

"நான்தான்னு ஊசி சொல்லுதா? பேரு இல்லாத எதியும் நான் தொடமாட்டேன்."

போடுவதும் அப்படித்தான். குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தபடி சத்தமாகப் பதினைந்து எண்ணுவார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். அதற்குள் என் மனைவி கீழே போய் டீ குடித்து, டம்ளரையும் கழுவிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

இத்தனைக்கும் முன்னால் அந்தக் கேள்வி. "நீங்க பாஸ்கர்தானே என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவேனே, சிஸ்டர்?" என்றேன்.

"அதாங்காட்டிதான் கேக்கறதில்ல. தூக்கத்துல கீறவன இன்னா கேட்டாலும் ஆமான்னுதான் தலய ஆட்டுவான். நீயே சொல்லு நைனா. உம் பேரு இன்னா? உங்கப்பா பேரு இன்னா?"

அஞ்சாம் நாள் காலையில் பொறுமை போய்விட்டது. "நர்ஸுக்கு ஞாபக மறதி. தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். அன்றைக்கே அஞ்சாம் கட்டில் எல்லப்பன், வேன் ஓட்டுகிறவர், அவருக்கும் கால் வீக்கம்தான், என்னிடம் வந்தார்.

"அண்ணாத்த, உன் கட்டில்கிட்டதான் ப்ளக் கீது. மேட்ச் பாக்கணும், போன்ல சார்ஜ் இல்ல. கொஞ்சம் மாறிக்கலாமா?"

ரயிலில் ஜன்னல் சீட்டையே விட்டுக்கொடுக்கிற பரம்பரை நாம். தலையணையோடு மாறிக்கொண்டோம். கட்டில் காலில் தொங்கிய ஃபைல்கள் மட்டும் மாறவில்லை. கையில் கட்டியிருந்த பேர்ப்பட்டையை, அரிக்கிறது என்று நகவெட்டியால் நான் முந்தின நாளே வெட்டியிருந்தேன்.

மத்தியானம் தலையோடு போர்த்திப் படுத்திருந்தேன். ஊசிக் குழாய் இருந்த கை மட்டும் வெளியே.

"உம் பேரு இன்னா?"

போர்வைக்குள்ளிருந்தே ஒத்துழையாமை இயக்கம் ஆரம்பித்தேன். "ஃபைல்ல என்ன எழுதியிருக்கோ அதான்."

"ஃபைலுக்கா ஊசி போடப்போறேன்? வாயத் தொறந்து சொல்லு."

"தினம் எத்தனை தடவைதான் சொல்றது? சும்மா போட்டுட்டுப் போங்க!"

"நீ சொல்லு, போட்டுட்டுப் போறேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை நிமிஷமோ தெரியாது. வார்டே வேடிக்கை பார்த்தது. கடைசியில் போர்வையை வீசி எறிந்து கத்தினேன்: "பாஸ்கர்! அப்பா பேரு கோதண்டம்! போதுமா?"

சிஸ்டர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ஊசியை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். 'எல்லப்பன். பென்சிலின்' என்று எழுதியிருந்தது.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நேரே நாலாம் கட்டிலுக்குப் போனார். எல்லப்பன் மேட்சை அணைத்துவிட்டு, வீங்கிய காலோடு எழுந்து நின்று, கேட்பதற்கு முன்பே பேர், அப்பா பேர், ஊர், வேன் நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அடுத்த நாள் என் புகாரோடு மேனேஜர் வந்தார். நான் போர்வையைத் தேடினேன்.

"கீழ யாரு பேரு போட்டுக்கீது சார்?" என்றார் சிஸ்டர்.

"பேரு இல்லம்மா."

வாங்கிக் குப்பையில் போட்டார். நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அதை எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

போன மாதம் செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். மூன்று வருஷமாகிவிட்டது. கேட்டதும் சொல்லிவிடலாம் என்று பேரைத் தயாராக வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"இன்னா பாஸ்கரு, கால் நல்லா கீதா? பென்சிலின் ஆவாதுன்னு பர்ஸுல எழுதி வச்சிக்கினியா?" என்று சொல்லிக்கொண்டே மின்சார ரயிலில் ஏறிவிட்டார்.

என் பேரை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.