பதினேழாம் நம்பர் போல்ட்

மர்ஸூக் பொய் பேசாத மனிதர். எத்தாளை ஊரில் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். பாலாவி உப்பளத்தில் இருபது வருடமாக மேற்பார்வை பார்க்கிறார். உப்பு நனைந்திருந்தால் நனைந்திருக்கிறது என்றுதான் சொல்லுவார், வாங்க வந்தவர் திரும்பிப் போனாலும் சரி. அப்படிப்பட்டவர் மூன்று வருடமாகத் தன் மனைவி ரபியாவை ஏமாற்றி வந்தார். அதையும் ஒரு பொய் சொல்லாமலே செய்தார்.

அதற்குத் துணை நின்றது அவருடைய கார்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜப்பானில் செய்த சின்ன டீசல் கார். மூன்றே சிலிண்டர். நாலு பேர் ஏறிவிட்டால் ஐந்தாவதாக ஒரு தேங்காய்க்கும் இடம் கிடையாது. ஆனால் ஒரு லீட்டர் ஊற்றினால் இருபத்திரண்டு கிலோமீற்றர் ஓடும். எத்தாளையில் உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. தகர வேலி இரண்டு மழைக்கு மேல் நிற்பதில்லை. அதனால் மர்ஸூக் ஞாயிற்றுக்கிழமைதோறும் காரின் அடிவயிற்றை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவார். தன் கையால் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார்.

"என்ட முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விடச் சொன்னா மட்டும் இவருக்குக் கை உளையும்" என்பாள் ரபியா.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கல்பிட்டிக் கரைக்கு வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபது. கையில் ஒரு பை. அதன் பிறகு இருபது வருடம் பஸ்ஸுக்கும் உப்பு லொறிக்கும் தெருவோரம் நின்று கை நீட்டினார். சில நின்றன, பல நிற்கவில்லை. யுத்தம் முடிந்த மறு வருடம் இந்தக் காரை வாங்கினார். இனி அவர் வாகனத்துக்காகக் காத்து நிற்கத் தேவையில்லை. வாகனம் அவருக்காகக் காத்து நிற்கும். அதைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால் மர்ஸூக் சண்டை பிடிக்க மாட்டார். மறக்கவும் மாட்டார்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னவர் பாயிஸ். ரபியாவின் ராத்தா, அதாவது அக்கா, முஃபீதாவின் புருஷன். சிலாபத்தில் கொப்பரா வியாபாரி. அவர் மகளின் கலியாணத்தன்று சிலாபத்து வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். சாப்பாட்டுச் சஹன் தட்டுகள் வைத்தாகிவிட்டது. மர்ஸூக் காரைப் பந்தலோரம் கொண்டுவந்து நிறுத்தினார். பாயிஸ் எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சான், அந்தத் தகரப் பேணிய வளவுக்குப் பின்னால கொண்டு போய்ப் போடுங்க. புகை சோத்துல படியுது" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள்.

மர்ஸூக் காரைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கை கழுவினார். சாப்பிட்டார். இந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முடிவெடுப்பது சுலபம். அதை ரபியாவிடம் சொல்வதுதான் சிரமம். சொன்னால் அவள் காரணம் கேட்பாள். கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா?" என்பாள். அந்த 'இதுக்குப் போயா'வைத் தாங்க அவரால் முடியாது. ஆகவே அவர் காரிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம். குழாயில் துளி காற்றுப் புகுந்தாலும் எழும்பாது. டீசல் குழாயைப் பம்புடன் சேர்த்துப் பிடிப்பது நடுவே துளை போட்ட ஒரு போல்ட்; பதினேழாம் நம்பர் ஸ்பேனர்தான் அதற்குப் பொருந்தும். சிலாபம் போவோம் என்று ரபியா சொன்னால், முதல் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து மர்ஸூக் பொனட்டைத் திறப்பார். அந்தப் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவார். மூடுவார். அவ்வளவுதான்.

மறு நாள் காலையில் ரபியா கறுப்பு அபாயாவும் கருவாட்டுப் பொதியுமாக வந்து நிற்பாள். கார் இருமும், முக்கும், எழும்பாது.

"என்னவாம்?"

"காத்து இழுக்குது."

"போன மாசமும் காத்துத்தான் இழுத்திச்சு."

"பழைய கார், ரபியா. இழுக்கும்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ரபியா பெருமூச்சு விட்டுப் பஸ் ஏறுவாள். பஸ் தெரு முடக்கில் மறைந்ததும் மர்ஸூக் போல்ட்டை இறுக்கி, கைப் பம்பைப் பத்துப் பன்னிரண்டு தடவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, காரை எழுப்பிக்கொண்டு கல்பிட்டிக் கோட்டை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். மூன்று வருடத்தில் பதினான்கு தடவை இப்படி நடந்தது.

பதினைந்தாவது தடவை வேறு மாதிரி.

முஃபீதாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கும் வந்துவிட்டாள். எடுத்த கட்டியைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. வியாழக்கிழமை அவள் ரபியாவுக்குக் கோல் எடுத்தாள். அருகே இருந்த மர்ஸூக்குக்கும் அந்தக் குரல் கேட்டது. கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது.

"சனிக்கிழம ரெண்டு பேரும் வாறம் ராத்தா. கார்லயே வாறம்" என்றாள் ரபியா. சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் காதில் விழாதவர் போலத் தொப்பியைச் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மர்ஸூக் வெகுநேரம் பொனட்டின் முன்னால் நின்றார். இது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. நோயாளியைப் பார்ப்பது கடமை. ஆனால் அந்த முற்றமும், அந்தப் பந்தலும், நாற்பது பேரின் சிரிப்பும் கண்ணுக்குள் வந்தன. கை பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்தது. அரைச் சுற்று. இந்த முறை கொஞ்சம் கூடவே சுற்றிவிட்டாரோ என்னவோ, அவருக்கே நிச்சயம் இல்லை.

சனிக்கிழமை காலை கார் எழும்பவில்லை. ரபியா ஒன்றும் கேட்கவில்லை. காற்றைப் பற்றியும் பேசவில்லை. கைப்பையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மர்ஸூக்குக்கு அது சற்று வருத்தமாக இருந்தது. பொனட்டைத் திறந்தார்.

போல்ட் இல்லை.

குழாயின் வாய் சும்மா தொங்கியது. கீழே மணலில் டீசல் ஊறியிருந்தது. மர்ஸூக் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். கூடச் சுற்றிவிட்டோம், தானாகக் கழன்று மணலில் விழுந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தார். குசினிக்குப் போய் இடியப்ப மா அரிக்கும் அரிதட்டை எடுத்து வந்தார். காருக்குக் கீழே இருந்த மணலைக் கை கையாக அள்ளி அரிக்கத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டு அஸீஸா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன நானா, பொன் எதும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல. காருக்கு ஒரு போல்ட் கழண்டிட்டு."

"காருக்கா?" என்று கேட்டுவிட்டு அஸீஸா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ழுஹர் தொழுகை நேரம் வரை அரித்தார். ஐந்து சிப்பி, ஒரு பித்தான், துருப்பிடித்த மீன் தூண்டில் ஒன்று கிடைத்தன. போல்ட் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் வேலைக்குப் போனார். ஆறு வருடத்துக்குப் பிறகு தெருவோரம் நின்று கை நீட்டினார். முதல் பஸ் நிற்காமல் போனது. மாலையில் பாலாவிச் சந்தியில் மெக்கானிக் சுஹைரிடம் விஷயத்தைச் சொன்னார். சுஹைர் நாலைந்து கடைகளுக்குக் கோல் எடுத்துப் பார்த்தான்.

"இந்தப் பம்புட போல்ட் தனியா வராதாம் நானா. பம்போட சேத்துத்தான் எடுக்கணுமாம். அதும் இப்ப ஒருத்தர்ட்டயும் இல்ல."

"லேத்துல கடைஞ்சு எடுக்க ஏலாதா?"

"பாப்பம். ஆனா எனக்கு ஒண்டு மட்டும் விளங்குதில்ல. அது தானாக் கழர்ற போல்ட் இல்லயே. எப்பிடிக் கழண்டிச்சு?"

மர்ஸூக் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

லேத்தில் கடைந்த போல்ட் பொருந்தவில்லை. ஓரத்தால் டீசல் கசிந்தது. இரண்டாவதும் கசிந்தது. கார் முற்றத்தில் வாய் பிளந்து நின்றது. மர்ஸூக் தினமும் அதன் மேல் படியும் உப்பைத் துடைத்தார். சோறு அரை வயிற்றுக்குத்தான் இறங்கியது.

இரண்டாவது வாரம், பாண் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ரபியா சொன்னாள்: "சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"சிலாபத்து மச்சான்ட கொப்பராக் கொட்டில்ல இதே மாதிரிக் கார் ஒண்டு கெடந்திச்சு. ஆரோ விட்டுட்டுப் போனதாம். நான் போன நேரம் கண்டன்."

மர்ஸூக்கின் கை பாணோடு நின்றது. "இதே மாதிரியா? மூணு சிலிண்டரா?"

"எனக்கு சிலிண்டர் எண்ணத் தெரியுமா? முகம் இதே முகம். கேட்டுப் பாக்கவா?"

"வேணாம்."

நாலு நாள் வேணாம் என்றே இருந்தார். ஐந்தாம் நாள் எத்தாளை பஸ்ஸில் இடமில்லாமல் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். காலில் யாரோ மிதித்து நகம் கறுத்திருந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கதிரையில் இருந்தார். பிறகு, "உன்ட மச்சான்கிட்ட அந்தப் போல்ட்ட மட்டும் கழட்டி வைக்கச் சொல்லு" என்றார்.

"நீங்களே வந்து வாங்கினாத்தான் மரியாதை" என்றாள் ரபியா.

சனிக்கிழமை இருவரும் பாலாவிக்கு வந்து சிலாபம் பஸ் ஏறினார்கள். மர்ஸூக் வழி நெடுக, வாசலில் என்ன முகத்தோடு நிற்பது என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

முகத்துக்கு வேலை இருக்கவில்லை. பாயிஸ் கேற்றடிக்கே வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆள் மெலிந்திருந்தார். உள்ளே முஃபீதா தலையணையில் சாய்ந்திருந்தாள். கை இரண்டும் ஈர்க்குப் போல இருந்தன.

"வாங்க தம்பி. போல்ட்டுக்கு வந்தீங்களா, என்னப் பாக்க வந்தீங்களா?"

மர்ஸூக் பொய் பேசாத மனிதர். "ரெண்டுக்கும்தான் ராத்தா."

முஃபீதா சிரித்தாள். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது. புதன்கிழம ரிப்போட் வந்திச்சு. பயப்பட ஒண்டுமில்லயாம். அல்ஹம்துலில்லாஹ். அது வாற வரைக்கும் இந்த ஊட்டுல ஒருத்தரும் உறங்கல்ல."

அந்த நாட்களில் தான் மணல் அரித்துக்கொண்டிருந்தது மர்ஸூக்குக்கு நினைவு வந்தது. ஒரு மிடறு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சாப்பாட்டுக்கு இருந்தபோது பாயிஸ் நெத்தலிப் பொரியலைத் தானே எடுத்து அவர் பக்கம் வைத்தார். "மச்சான், கலியாணத்தண்டைக்கு நான் சொன்ன சொல் ஒண்டு பிழைச்சுப் போச்சு. ஆக்கள் கூடின நேரம். வாய்க்கு வந்திட்டு. மூணு வருஷமா மனசுல கெடக்குது."

"எனக்கு அது நினைவும் இல்ல" என்றார் மர்ஸூக். மூன்று வருடத்தில் அவர் வாய் திறந்து சொன்ன முதல் பொய் அது. சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. நெத்தலியும் ருசித்தது. கை கழுவியதும் பழைய ஆர்வம் தலைதூக்கியது. "மச்சான், அந்தக் காரையும் ஒருக்காப் பாத்துட்டுப் போகவா? ஹெட்லைட் கண்ணாடி நல்லதா இருந்தா..."

பாயிஸ் ரபியாவைப் பார்த்தார்.

"அத நேத்து பழைய இரும்புக்கு ஏத்திட்டாங்க" என்றாள் ரபியா, சஹனை எடுத்துக்கொண்டே.

"ஓம்" என்றார் பாயிஸ். "நேத்து."

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மர்ஸூக் பிரித்தார். துளை போட்ட போல்ட். இரண்டு செம்பு வளையங்கள். போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு.

மர்ஸூக் அந்தப் பொட்டை விரலால் தடவினார். நிமிர்ந்து ரபியாவைப் பார்த்தார். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாயிஸ் முகட்டைப் பார்த்தார். முஃபீதா கட்டிலில் இருந்தபடியே, "சரியான சாமான்தானா தம்பி? நல்லாப் பாருங்க" என்றாள்.

இது என்னுடைய போல்ட் என்று சொல்லலாம். சொன்னால் கதை எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்று மர்ஸூக் ஒரு நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரியான சாமான்தான்" என்றார். "அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் ரபியா இருந்தாள். பத்துளு ஓயாப் பாலம் தாண்டியதும் அவர் மெல்லக் கேட்டார்: "பதினேழாம் நம்பர் ஸ்பேனர எங்கேர்ந்து எடுத்தாய்? அது என்ட பெட்டிக்குள்ள பூட்டி இருந்திச்சே."

"ஸ்பேனர் எதுக்கு? நீங்கதான் முக்கால்வாசி கழட்டி வச்சிருந்தீங்களே. மிச்சத்துக்குக் கை போதும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"நான் பஸ் ஏறினா உங்கட கார் எழும்புது எண்டு அஸீஸா சொன்ன நாள்ல இருந்து. ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமாத் தெரிஞ்சும் ஏன் ஒரு சொல் கேக்கல்ல?"

"கேட்டா காரணம் சொல்லுவீங்க. சொன்னா நான் 'இதுக்குப் போயா' எண்டு கேப்பன். உங்களுக்கு அது தாங்காது." அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. "ராத்தாவுக்கு வருத்தம் வந்த பொறகும் நீங்க பொனட்டத் திறந்தீங்க பாருங்க, அண்டைக்குத்தான் எனக்கு மனசு விட்டுப் போச்சு."

மர்ஸூக் தலை குனிந்துகொண்டார். மதுரங்குளி வரும் வரை சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய வாழ்க்கையின் இரண்டாவது பெரிய முடிவை எடுத்தார்.

"வாற வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு கார்லயே போவம். ராத்தாவ ஒருக்காப் பாத்துட்டு வருவம்."

"பாத்துட்டு வாறதில்ல. கூட்டிட்டு வாறது" என்றாள் ரபியா. "கடல் காத்துப் பட்டா உடம்பு தேறுமாம். ஒரு மாசம் எங்கட ஊட்டுல இருக்கட்டும் எண்டு பேசியாச்சு."

"நல்லது. தாராளமா இருக்கட்டும்" என்றார் மர்ஸூக். உண்மையாகவே சொன்னார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அப்ப மச்சான்ட சாப்பாடு?"

"அவரும்தான் வாறார். எங்கட அறைய ரெண்டு பேருக்கும் ஒழிச்சுக் குடுக்குறன். நீங்க கார்ல படுங்க."