காளீஸ்வரி வாங்கிய இரட்டைப் பட்டம்

என் மனைவி காளீஸ்வரி படிக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லுகிற தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

எனக்குக் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. வீடு தென்காசியில். சாரல் விழ ஆரம்பித்தால் எங்களுக்குத் தீபாவளி. எண்ணெய்ச் சட்டியில் நான், கல்லாவில் அவள். அப்படி ஒரு சீசனுக்குக் கொஞ்சம் முந்தி, சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அத்தான், நான் ஐ.டி. டிகிரி படிக்கட்டுமா? வீட்டுல இருந்தே படிக்கலாமாம். சனி, ஞாயிறு மட்டும் தென்காசியில வகுப்பு."

சனி, ஞாயிறு! ஊர் உலகமெல்லாம் குற்றாலத்தில் தலையை நனைக்கிற கிழமைகள். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் ரசத்தில் உப்பு இருக்காது. பேச்சில் காரம் இருக்கும். "யோசிப்போம்" என்றேன்.

பக்கத்து வீட்டு ஜெபசிங் ஒரு கல்லூரியில் எழுத்தர். மறுநாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இப்பம் ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம், தெரியுமா? ஒரு பய ஐ.டி.யும் தமிழும் சேத்துப் படிச்சான். பாரம் தாங்காம ரெண்டையும் விட்டுட்டு ஓடிட்டான்."

'ஓடிட்டான்' என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. தடுத்தால்தானே சண்டை? தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டால் அவளே இரண்டையும் இறக்கி வைப்பாள். பழியும் எனக்கில்லை. நேராக அடுப்படிக்குப் போனேன்.

"ஏட்டி, ஐ.டி. மட்டும் போதுமா? பள்ளிக்கூடத்துல தமிழ்ல முதல் மார்க் வாங்குனவ நீ. பி.ஏ. தமிழும் சேத்துப் படி."

"ரெண்டா? என்னால முடியுமா அத்தான்?"

"உன்னால முடியாட்டி வேற யாரால முடியும்?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

காத்திருந்தேன். அவள் ஓடவில்லை. என்னைத்தான் ஓடவிட்டாள்.

ஒருநாள் விடிகிற நேரத்தில், "எழுவாய்! எழுவாய்!" என்று குரல் கேட்டது. இலக்கணம் மனப்பாடம் செய்கிறாள் என்று புரண்டு படுத்தேன். போர்வை பறந்தது.

"உங்களத்தான் எழுப்புதேன். எந்திரிச்சு அரிசியக் களைஞ்சு போடுங்க."

"நீ இலக்கணம்லா படிக்கேன்னு நெனைச்சேன்?"

"இதும் இலக்கணந்தான். நான் எழுவாய், நீங்க செயப்படுபொருள்."

இன்னொரு நாள், "இன்னைக்குப் பூரா பைதான்" என்றாள்.

"பைதானே? கடையில கட்டுக்கட்டாக் கெடக்கு. எத்தனை வேணும்?"

"அது கம்ப்யூட்டர் மொழி அத்தான். பாடத்த எல்லாம் கிளவுடுல ஏத்தி வச்சிருக்கேன்."

"மேகத்துலயா? சாரல்ல நனைஞ்சிராது?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

சனி, ஞாயிறுகளில் கல்லாவிலும் நான், சட்டியிலும் நான். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒருவர், "என்னவே, சிப்ஸ் கருப்பா இருக்கு?" என்றார். "புது ரகம்" என்றேன். அவர் பழைய ரகத்தைத் தேடி அடுத்த கடைக்குப் போனார்.

சீசன் முடிந்தாலாவது மூச்சு விடலாம் என்று பார்த்தேன். படிப்புக்காக எங்கள் கடைக்கே ஒரு இணையதளம் செய்தாள். ஐ.டி. அதைக் கட்டியது, தமிழ் அதற்கு விளம்பரம் எழுதியது: 'கடித்தால் ஒலி, முடிந்தால் வலி.' கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பெட்டியெல்லாம் எங்கள் சிப்ஸை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. அருவி வற்றினாலும் என் வியர்வை வற்றவில்லை.

மூன்று வருடம் கழித்து இரண்டு பட்டமும் வாங்கிவிட்டாள். லட்டோடு ஜெபசிங் வீட்டுக்குப் போனேன்.

"ரெண்டு டிகிரி என் யோசனையாக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஜெபசிங்குக்கு லட்டு தொண்டையில் சிக்கியது. "கோவப்படாதீய அண்ணாச்சி. அத உங்க காதுல போடச் சொன்னதே உங்க வீட்டம்மாதான். 'நானாக் கேட்டா ஒண்ணுக்கே மூஞ்சியத் தூக்குவாவ. ஒருத்தன் விட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லுங்க. அவியளே ரெண்டையும் படிக்கச் சொல்லுவாவ'ன்னாவ."

"அப்பம் அந்த ஓடுன பய?"

"அப்பிடி ஒரு பயலே கெடையாது."

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"அத்தான், எம்.சி.ஏ. படிக்கட்டுமா?"

வேண்டாம் என்றால் சண்டை. சரி என்றால் கூடவே இன்னொன்று வந்து ஒட்டும். இந்தத் தடவை சிக்கக் கூடாது. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

அவள் போனை எடுத்தாள்.

"அம்மா, அத்தான் சம்மதிச்சுட்டாவ. சந்தோசத்துல அவியளுக்குப் பேச்சே வரல."